எண்பதைத் தாண்டினால்

ஷெரினின் அம்மா இறந்து இருபத்திரண்டு நாட்களாகியிருந்தன. பள்ளி விட்டதும் ஷெரின் வேனில் ஏறுவதில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாலையில் அவளுடைய அப்பா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகும்வரை சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழ மாட்டாள். சிநேகிதிகள் வேன் ஜன்னல் வழியாகத் தைரியம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"இன்னைக்கு வரலன்னா நாளைக்கு வருவாங்கடி. கடைசில கண்டிப்பா வந்துருவாங்க."

அந்தக் குழந்தைகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த எல்லாப் படங்களிலும் அப்படித்தான் நடந்தது. அம்மா காட்டில் தொலைந்துபோவாள், கடலில் விழுவாள், சூனியக்காரியின் பெட்டிக்குள் அடைபடுவாள். கடைசிக் காட்சியில் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவாள்.

கனிஷ்கா அவர்களுடைய வகுப்பாசிரியை. குரோம்பேட்டையில் அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது. அவளும் ஏழு வயதில் அம்மாவை இழந்தவள். கேட்டருகே உட்கார்ந்திருக்கும் ஷெரினைப் பார்க்கும்போது தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று கவனித்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அவளுக்கு அது புதிதுமல்ல. அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அறுபது விடைத்தாள்களைத் திருத்தி முடித்தவள் அவள். சிலருக்கு இடது கைப்பழக்கம் இருப்பதைப்போலத் தனக்கு இது என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஷெரினின் அப்பாவை நிறுத்திப் பேசினாள். அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

"நான் மறைக்கல மிஸ். அம்மா செத்துட்டாங்கன்னு நேராவே சொல்லிட்டேன். சரிப்பா, எப்ப வருவாங்கன்னு கேக்குறா."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தபடி இருந்தார். சிரிப்பு அவர் முகத்தில் யாரோ மாட்டிவிட்டுப் போனதுபோல நின்றது. வேறெப்படி முகத்தை வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்பது கனிஷ்காவுக்குப் புரிந்தது.

வகுப்பில் படித்துக்காட்ட ஒரு கதை தேடினாள். அம்மா இறந்துபோகும் ஒரு கதை, ஒன்றே ஒன்று. பள்ளி நூலகத்தில் இல்லை. சிறுவர் படங்கள் இருக்கும் தளங்களில் மூன்று நாள் தேடினாள். பேய்கள் இருந்தன. ஆளை விழுங்கும் சுறாக்கள் இருந்தன. விஷம் வைக்கும் ராணி, குழந்தையைக் கிணற்றில் தள்ளும் சித்தப்பா எல்லாரும் இருந்தார்கள். செத்துப்போன அம்மா மட்டும் இல்லை. பழைய நாட்டுப்புறக் கதைகளைப் புதுப் பதிப்பில் எடுத்துப் பார்த்தாள். சிற்றன்னை கொடுமை அப்படியே இருந்தது. ஆனால் பெற்ற தாய் வெளியூர் போயிருந்தாள். கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்தாள். எல்லாப் புத்தகங்களின் பின்னட்டையிலும், சிறுவர் கதைகளையும் படங்களையும் சோதித்து அனுமதி தரும் சான்று வாரியத்தின் பச்சை முத்திரை இருந்தது.

அந்த வாரம்தான் அதே வாரியத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'மாதிரிக் குழந்தை எண் நான்கைப் பயன்படுத்த இருபது ஆண்டுகளுக்கு முன் தங்கள் தந்தை அளித்த ஒப்புதல் வெள்ளிக்கிழமையுடன் முடிவடைகிறது. நீட்டிப்பதற்குத் தாங்கள் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்.'

சாத்தூரில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்தாள்.

"ஆமாத்தா. சாலிகிராமத்துல நான் லைட் வேல பாத்தேன்ல, அந்த ஸ்டுடியோவுலதான் எடுத்தாக. உன்னப் பக்கத்து வீட்ல விட்டுட்டு, உங்கம்மாவ ஊருக்குக் கொண்டுபோயி அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாளு. வீட்ல வர்றவுக போறவுகன்னு ஒரே சனம். உன் காதுல எதுவும் விழுந்துறக் கூடாதேன்னு இருந்துச்சு. அங்க ஏசி ரூமு, நாள் பூராம் படம் போடுவோம், சாப்பாடு குடுப்போம்னாக. விட்டுட்டேன்."

"அம்மா செத்தது எனக்கு அப்ப தெரியாதுல்லப்பா?"

"தெரியாது. ஆஸ்பத்திரில இருக்கான்னு சொல்லி வச்சிருந்தேன். பன்னெண்டு நாள் போன, ஒருநாகூட அழுகல. நல்ல பிள்ளையா இருந்த."

"பிறகு எப்பப்பா தெரிஞ்சுது?"

"நீயாப் புரிஞ்சுக்கிட்ட. கையெழுத்துத்தான, போட்டுக் குடுத்துரும்மா. சாப்பிட்டியா?"

அம்மாவைப் பற்றிய பேச்சு இருபது வருடமாக அந்த இடத்தில்தான் முடிந்துகொண்டிருந்தது.

கனிஷ்காவுக்கு அந்த அறை மங்கலாக நினைவிருந்தது. குளிரும் நாற்காலி. தலையில் வலைபோல ஒரு தொப்பி. ஏதோ ஒரு பறவைப் படம். தாய்ப்பறவை கீழே விழுகிறது, திரை இருண்டுவிடுகிறது, யாரோ ஒரு அண்ணன் மாம்பழ ஜூஸ் கொண்டுவந்து தருகிறார். அந்தப் பறவை விழுந்தபோதுதான் தன் அம்மாவும் இல்லை என்று தனக்குப் புரிந்ததாக அவள் இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். வாரியம் கிண்டியில் பழைய தொழிற்பேட்டைக்குள், மூன்றாம் மாடியில் இருந்தது. மரியசெல்வம் என்பவர் அவளைச் சோதனை அறைக்கு அழைத்துப் போனார். ஐம்பது வயதுக்காரர். பதினான்கு வருடமாக அந்த அறையில் வேலை செய்கிறவர். இரண்டு நாற்காலிகள், படம் ஓட ஒரு பெரிய திரை, பக்கத்தில் எண்கள் வரும் ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான் அங்கே இருந்தன.

"எங்க சார் அது, அந்த நாலாம் எண் குழந்தை?" என்று கனிஷ்கா கேட்டாள்.

"கீழ் மாடில ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. இங்க எண் மட்டுந்தான் வரும் மேடம்." அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். "உயிருள்ள குழந்தைங்கள உக்கார வச்சுப் பயமுறுத்திப் பாக்கறது பாவம்னு ஒரு காலத்துல பெரிய சண்டை நடந்துச்சு. அதுக்காகத்தான் இத உண்டாக்குனாங்க. ஒரு குழந்தைக்குப் பன்னெண்டு நாள் படம் காட்டி, அதோட மூளை என்னென்ன செய்யுதுன்னு ஒண்ணு விடாமப் பதிஞ்சு, அதுலருந்து ஒரு நகல். குழந்தைங்களுக்குப் பதிலா அது எல்லாத்தையும் பாக்கும். எவ்வளவு நடுங்குதுன்னு எண் வரும். அறுபதுக்கு மேல போனா அந்தக் காட்சிய வெட்டணும். எண்பதத் தாண்டுனா படமே தானா நின்னுரும்."

"நின்னதுக்கப்புறம்?"

"பழைய நிலைக்குக் கொண்டுவந்துருவோம். முதல் நாள் காலைல நாற்காலில உக்காந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி. எதுவும் ஞாபகம் இருக்காது. அடுத்ததப் புதுசாப் பாக்கும்."

"இதுவரைக்கும் எத்தன?"

"படம், புத்தகம், பொம்மைங்க சொல்ற கதை எல்லாம் சேத்துப் பதினோராயிரத்துச் சொச்சம்." எதிரில் இருப்பது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. "அது இதுன்னு சொல்றேன். பழக்கதோஷம் மேடம். தப்பா நினைக்காதீங்க."

"பரவால்ல சார். எண் நாலுன்னு போட்டிருக்கே, மத்த குழந்தைங்க?"

"ஆறு பேர எடுத்தாங்க. அஞ்சும் சரியா வரல. ஒண்ணு தூங்கித் தூங்கி விழும். ஒண்ணு எதுக்கெடுத்தாலும் சிரிக்கும். நீங்க மட்டுந்தான் பன்னெண்டு நாளும் ஆடாம அசையாம உக்காந்து பாத்தீங்களாம். எண் அவ்வளவு சுத்தமா விழுந்துச்சுன்னு பழைய ஆளுங்க இப்பவும் சொல்வாங்க."

கனிஷ்கா தலையாட்டினாள். பிறகு, தேடிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். ஒரு படத்திலும் அம்மா சாவதில்லையே, ஏன்?

"அது எண்ணு சொல்றது மேடம். பேய் வந்தா முப்பது. புலி அடிச்சா நாப்பது. பிள்ளையக் கிணத்துல தள்ளுற காட்சிக்கே அம்பத்தஞ்சுதான். அம்மா செத்தா மட்டும் எண்பதத் தாண்டிரும். ஒரு தடவகூடத் தப்புனதில்ல. அப்புறம், அப்பா அழுற காட்சி. அதுவும் தாண்டிரும். அது ஏன்னு எங்களுக்கு விளங்கவே இல்ல. எழுதுறவங்களும் பழகிட்டாங்க. இப்பல்லாம் யாரும் அப்படி எழுதுறதே கிடையாது. எப்பவாவது புதுசா வர்றவங்க அனுப்புவாங்க. இன்னைக்குக் காலைலகூட ஒண்ணு. திருச்சிப் பொண்ணு ஒருத்தி எடுத்த நீர்நாய்ப் படம். எண்பத்தி நாலுல நின்னுருச்சு."

கனிஷ்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா செத்த வாரத்துல எடுத்தது சார் இது."

மரியசெல்வம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "விண்ணப்பத்துல அந்தக் கேள்வி கிடையாது மேடம்" என்றார்.

"முதல் நாள் காலைல எனக்கு அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க. படம் பாத்துத்தான் செத்துட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க பழைய நிலைக்குக் கொண்டுவந்தா மறுபடியும் ஆஸ்பத்திரி. அடுத்த படத்துல மறுபடியும் சாவு. அந்த மாதிரிப் படம் மட்டும் எத்தன இருக்கும்?"

அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். "எழுநூத்திப் பதினாலு."

"எழுநூத்திப் பதினாலு" என்று கனிஷ்காவும் சொன்னாள், வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை சொல்கிற அதே குரலில். தனக்கு இப்போது கோபம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. "அவகிட்ட பேச முடியுமா?"

"முடியும். ஆரம்பத்துல பேச்சு இருந்துச்சு. வேலை பாக்குறவங்களுக்குத் தூக்கம் வரலன்னு அணைச்சு வச்சுட்டாங்க. நான் வந்ததிலிருந்து போட்டதில்ல." அவர் மேசைக்கடியில் குனிந்து எதையோ தேடினார். ஒலிபெருக்கியின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். "காலைல நிறுத்தினதுக்கப்புறம் இன்னும் பழைய நிலைக்குக் கொண்டுபோகல. ஒப்பந்தம் இன்னைக்கு முடியுதுல்ல, அதான் கை வைக்கல. அப்படியேதான் இருப்பா."

அவர் அதை முதல்முறையாக 'அவள்' ஆக்கியதை இருவரும் கவனித்தார்கள்.

பொத்தானை அமுக்கியதும் மூச்சு விடும் சத்தம் கேட்டது. உண்மையில் மூச்சு விட அங்கே யாருமில்லை.

"கனி" என்று கனிஷ்கா கூப்பிட்டாள்.

"யாரு?" முன்பல் விழுந்த குரல். வார்த்தையின் ஓரத்தில் காற்று தப்பியது.

"நான் ஒரு டீச்சர்."

"எந்த ஸ்கூல் மிஸ்?"

"தூரத்துல இருக்கு. நீ படம் பாத்தியா?"

"பாத்தேன். பாதில நின்னுபோச்சு. கரண்ட் இல்லையா மிஸ்?"

கனிஷ்கா மரியசெல்வத்தைப் பார்த்தாள். அவர் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் நாற்பத்தெட்டு.

கேட்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கேட்டாள். "கனி, அம்மா எங்க இருக்காங்க?"

"ஆஸ்பத்திரில." எண் அறுபத்தாறுக்குத் தாவியது. "காய்ச்சல் சரியானதும் வருவாங்க."

வகுப்பில் எத்தனையோ முறை கேட்ட தொனி அது. வீட்டுப்பாடத்தை மறந்த பிள்ளை, நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் மிஸ் என்று சொல்லும்போது வருகிற தொனி. கனிஷ்கா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"கனி. நான் உங்க அப்பாகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்."

எண் எழுபத்தொன்று, எழுபத்துமூன்று.

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

"படம் போடுற அண்ணாவும் சொல்லக் கூடாது."

மரியசெல்வம் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தார். "சொல்ல மாட்டேன் பாப்பா."

"அம்மா செத்துப்போச்சு" என்றாள் குழந்தை. "எனக்குத் தெரியும். அப்பாவுக்குத்தான் எனக்குத் தெரியும்னு தெரியாது."

கனிஷ்காவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அம்மா செருப்பு வீட்டுக்கு வந்துருச்சு. மஞ்சப் பையில போட்டுக் கட்டி அலமாரி மேல வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரில இருந்தா பாத்ரூம் போக செருப்பு வேணும்ல? அப்புறம் அப்பா குளிக்கப் போயி பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுவாரு. வெளிய வந்து சிரிப்பாரு. எனக்குத் தெரிஞ்சா அப்பா இன்னும் அழுவாரு. அப்பா பாவம். அதனால தெரியாத மாதிரியே இருக்கேன்."

"படம் பாக்கும்போது பயமா இருந்துச்சா?"

"நீர்நாய் அம்மா வலைல மாட்டிக்கிச்சு. எனக்கு அழுகை வந்துச்சு. அழுதா இந்த அண்ணா அப்பாகிட்ட சொல்லிருவாரு. அதான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ரொம்ப இறுக்கி. கால் வலிக்குது மிஸ்."

மரியசெல்வம் எழுந்து சுவர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். இருபது வருடமாக அந்தச் சின்னத் திரையில் வந்துகொண்டிருந்தது பயத்தின் அளவு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். சாவைக் கண்டு நடுங்கிய குழந்தை அல்ல அது. தனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த குழந்தை. அந்த ஒரு குழந்தையின் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக நாட்டிலுள்ள படங்களிலெல்லாம் அம்மாக்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள், அப்பாக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கனிஷ்கா அதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. அலமாரி மேல் இருந்த மஞ்சள் பையை அவள் மறந்தேபோயிருந்தாள். ரகசியத்தை அவ்வளவு நன்றாக ஒளித்துவைத்ததில், வைத்த இடமே அவளுக்கு நினைவில்லாமல் போயிருந்தது.

"மிஸ், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அந்தக் குட்டி நீர்நாய் என்ன ஆச்சு?"

கனிஷ்கா திரும்பினாள். "சார், படத்த நிறுத்தாம ஓட்ட வழி இருக்கா?"

"இருக்கு. என் அட்டையப் போட்டுத் தொறக்கணும். காரணம் எழுதணும்." அவர் யோசித்தார். "யாரும் செஞ்சதில்ல மேடம். நானும் முடிவு என்னன்னு பாத்ததில்ல." சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துச் செருகினார்.

படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. காவிரிக்கரை. தாய் நீர்நாய் வலைக்குள் அசையாமல் கிடந்தது. குட்டி அதன் முகத்தை மூக்கால் முட்டியது. எண் எண்பத்தேழு. தொண்ணூற்றொன்று. மரியசெல்வத்தின் கை தன்னால் பொத்தானை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது.

"அழணும்னா அழு கனி" என்றாள் கனிஷ்கா.

ஒலிபெருக்கியிலிருந்து வந்த அழுகை முதலில் இருமலைப்போல இருந்தது. பிறகு வாய்விட்டு வந்தது. அம்மா, அம்மா என்று அழுதது. கனிஷ்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். தன்னுடைய குரல்தான் என்று தெரிந்தது. அடுத்த வீட்டிலிருந்து கேட்பதுபோலவும் இருந்தது.

படத்தில் மழை வந்தது. குட்டி அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் பசித்தது. தண்ணீரில் இறங்கி மீனைத் துரத்திப் பார்த்தது, கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பத் துரத்தியது. கடைசியில் ஒரு நண்டைப் பிடித்தது. நண்டு அதன் மூக்கைக் கவ்விக்கொண்டது. குட்டி கரையெல்லாம் உருண்டது.

அழுகைக்கு நடுவே குழந்தை சிரித்துவிட்டாள்.

"மேடம்" என்றார் மரியசெல்வம் மெதுவாக. எண் முப்பத்தைந்து. இருபத்தெட்டு. படம் முடிந்தபோது பத்தொன்பதில் வந்து நின்றது. "தானா இறங்குது. ஓடவிட்டா தானா இறங்கிருது. நாங்க ஒருநாளும் ஓடவிடல."

"இன்னொரு படம் உண்டா மிஸ்?" என்று குழந்தை கேட்டாள். குரல் சளி பிடித்ததுபோல இருந்தது.

"கொஞ்ச நேரம் இரு கண்ணு."

மரியசெல்வம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஆனால் பேனாவைக் கொடுக்கவில்லை.

"நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக் காலைல பழைய நிலை. இன்னைக்கு நடந்தது எதுவும் அவளுக்கு இருக்காது."

"இப்ப இருக்குற மாதிரியே வச்சுக்க முடியாதா?"

"விதி இல்ல மேடம். அவ ஒரு அளவுகோலு. அளவுகோல் மாறக் கூடாதும்பாங்க."

"போடலன்னா?"

"இன்னைக்கே அழிக்கணும். உங்க கண்ணு முன்னாடி. கோயம்புத்தூர்ல புதுசா மூணு குழந்தைங்களப் பதிஞ்சு தயாரா வச்சிருக்காங்க."

"அவங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

"தெரியாது." அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "கேட்டு எழுதுறேன். இங்க நடந்ததையும் எழுதுறேன். படிப்பாங்களான்னு தெரியாது."

கனிஷ்கா படிவத்தின் மூன்று பக்கங்களையும் படித்தாள். ஒப்புதலை நீட்டிக்க விரும்பவில்லை என்ற கட்டத்தில் குறியிட்டாள். காரணம் என்ற இடத்தில், 'முழுப் படமும் பார்த்துவிட்டாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணாமல் வந்தது.

ஒலிபெருக்கியை மறுபடி போட்டார்கள்.

"இன்னைக்கு அவ்வளவுதான் கனி. படம் முடிஞ்சுது."

"அப்ப தூங்கட்டுமா? கண்ணு எரியுது."

"தூங்கு."

"நீங்க போயிருவீங்களா?"

"நீ தூங்குற வரைக்கும் இருப்பேன்."

குழந்தை வேறெதுவும் கேட்கவில்லை. மூச்சு நீளமாக வர ஆரம்பித்தது. எண் பதினொன்று. ஆறு. மரியசெல்வம் அழிப்பதற்கான இரண்டு சாவிகளைப் பக்கம் பக்கமாகச் செருகினார்; ஒன்று அவருக்கு, மற்றது ஒப்புதல் தருகிறவருக்கு. இரண்டையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். திருப்பினார்கள். மூச்சுச் சத்தம் நின்றது. சின்னத் திரையில் எண் இருந்த இடத்தில் ஒரு கோடு வந்தது.

அவர் அவளைப் படி வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "பதினாலு வருஷம்" என்றார். வேறு ஏதோ சொல்லவந்து, "பாத்துப் போங்கம்மா" என்று முடித்துக்கொண்டார்.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பல்லாவரம் தாண்டும்போது அப்பாவுக்கு போன் செய்தாள்.

"கையெழுத்துப் போட்டியாம்மா?"

"போடலப்பா. அப்பா, எனக்கு அன்னைக்கே தெரியும். அம்மா செருப்பப் பாத்துட்டேன். நீங்க பைப்பத் தொறந்துவிட்டு அழுததையும் கேட்டேன்."

இந்த முறை அவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அவர் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பேருந்து குரோம்பேட்டைக்கு வரும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.

பள்ளி விட்டு அரைமணி ஆகியிருந்தது. ஷெரின் கேட்டருகே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கனிஷ்கா போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புடவையில் மண் ஒட்டியது.

"லீவுன்னு சொன்னாங்க மிஸ்?"

"லீவுதான். உன்னப் பாக்க வந்தேன்." கனிஷ்காவுக்கு வார்த்தைகள் எதுவும் தயாராக இருக்கவில்லை. "ஷெரின், உங்கம்மா வரமாட்டாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டாங்க. எப்பவுமே வரமாட்டாங்க. செத்துப்போனவங்க திரும்பி வரமுடியாது. படத்துல காட்டுறது பொய்."

ஷெரின் சாலையைப் பார்த்தாள். ஒரு தண்ணீர் லாரி போயிற்று. இரண்டு பையன்கள் சைக்கிளில் போனார்கள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. பிறகு தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு யாரு ஜடை பின்னுவாங்க? அப்பா பின்னுனா அவுந்து அவுந்து போகுது."

உண்மைதான். ஒரு பக்க ஜடை பாதி அவிழ்ந்து, ரிப்பன் தோளில் தொங்கியது.

"திரும்பி உக்காரு."

ஷெரின் பையை இறக்கிவைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கனிஷ்கா ரிப்பனை உருவி வாயில் கவ்விக்கொண்டு, சிக்கை விரல்களால் பிரித்து, மூன்று கால்களாகப் பகுத்துப் பின்னத் தொடங்கினாள். நாலைந்து பின்னல் ஆகியிருக்கும். குழந்தையின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முதலில் சத்தமே இல்லை. பிறகு கேட்டுக்கு வெளியே போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

காவல்காரர் ஓடிவந்தார். "என்ன மிஸ், என்னாச்சு, தண்ணி கொண்டாரட்டுமா?"

கனிஷ்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் கை பின்னுவதை நிறுத்தவில்லை. கூந்தல் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தது. தெரிந்தவரை பின்னினாள்.